மெஷின் கிழவியாக்கிய பெண்கள்

கணினி திருத்தப் போகிறவனுக்குப் போகிற இடமெல்லாம் சாப்பாடு கிடைக்கும். பேச்சுத்துணை மட்டும் கிடைக்காது. வேலை நின்றுபோன ஆபீசுக்குள் பையோடு நுழைகிறவனை யாருக்குத்தான் பிடிக்கும்? தேயிலைத் தோட்டத்து மேலாளர்களான துரைமார் மரியாதையாக இங்கிலீஷில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு விலகிவிடுவார்கள். கிளாக்கர்மார், தங்கள் குற்றத்தைத் துருவ வந்தவன் என்று பார்ப்பார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துச் சனம் "சார்" என்று சொல்லி இரண்டடி தள்ளி நிற்கும். எல்லோரும் நல்லவர்கள்தான். தேநீர் வரும், பிஸ்கட் வரும், தங்குவதற்கு அறையும் வரும். ஆனால் நேற்று நன்றாகத் தூங்கினீர்களா என்று ஒருவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இதை இப்போது எழுத வைத்தவர், நான் வேலை பார்த்த கம்பெனியில் இன்று இருக்கும் ஒரு பெண். பழைய அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்குத் தரவுகளை மாற்றும் வேலை அந்தக் காலத்தில் எப்படி நடந்தது என்று எழுதித் தரும்படி தொலைபேசியில் கேட்டார். அவர்கள் இப்போது வீட்டிலிருந்தபடியே எந்த ஊர்க் கணினியையும் திறந்து திருத்திவிடுகிறார்களாம். "நீங்க ஒவ்வொரு தடவையும் நேர்லயே போவீங்களா அங்கிள்?" என்று சிரித்தார். நேரில்தான் போனேன், மகள். ஒரு தடவை நேரில் போயிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை இனி சொல்கிறேன்.

நான் பிறந்தது இலங்கையின் மலைநாட்டில், நோர்வூட் பக்கத்து லயமொன்றில். அட்டனில் படித்தேன். எங்கள் பங்குச் சாமியாரின் சிபாரிசில், எழுபதுகளின் தொடக்கத்தில் கொழும்புக்குப் போய் அட்டைகளில் துளையிடும் வேலையில் சேர்ந்தேன். அட்டையில் ஓட்டை போட்டே சில வருடம் போயிற்று. பிறகு கணக்கு மெஷின்களைத் திறந்து துடைக்கப் பழகினேன். மாலை வகுப்பில் புரோகிராம் எழுதப் படித்தேன். எண்பதுகளில் மேசைக் கணினிகள் வந்தபோது, மற்றவர்கள் நிறுவிவிட்டு வந்து ஓடாமல் போனவற்றை ஓடவைப்பது என் வேலையானது. எங்கள் பிரிவில் அப்போது தமிழ் பேசுகிறவர்கள் ஐந்தாறு பேர் இருந்தோம். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அவர்கள் ஒவ்வொருவராகக் கனடா, லண்டன் என்று போய்விட்டார்கள். மலைநாட்டிலிருந்து அழைப்பு வந்தால் அனுப்புவதற்கு நான் ஒருவன்தான் மிச்சம். பக்கத்து மேசைகளில் புதிய ஆட்களை உட்கார வைக்க நெடுநாள் ஆயிற்று. நான் மத்தியானச் சோற்றைத் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

எனக்கு மேலே இருந்தவர் விஜேரத்ன சார். மெலிந்த, உயரமான சிங்களவர். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். அவர் கிசுகிசுக்கத் தொடங்கினால் நாங்கள் நடுங்குவோம். எந்த இடத்துக்கு அனுப்பினாலும் ஒரே பாடத்தைத்தான் ஒப்பிப்பார். போனதும் விசைப்பலகையைத் தொடாதே, கைகளைப் பைக்குள் விட்டுக்கொள். என்ன பிழை என்று கேட்காதே, ஏனென்றால் அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தது போலச் சொல்வார்கள். கடைசியாக எப்போது நன்றாக ஓடியது, அதற்குப் பிறகு எது மாறியது என்று மட்டும் கேள். பிறகு அவர்கள் தினமும் செய்வதைச் செய்யச் சொல்லிப் பார்த்துக்கொண்டிரு. நடுவில் வாய் திறக்காதே. பிளாப்பித் தட்டுகளைப் பிரதி எடுத்து உன் பையில் வைத்த பிறகே கை வை. திருத்தி முடிந்ததும் அதே பிழையை நீயாக ஒரு தடவை வரவழைத்துக் காட்டு. வரவழைக்க முடியாவிட்டால் நீ எதையும் திருத்தவில்லை, அது தானாகப் போயிருக்கிறது. தானாகவே திரும்பியும் வரும். இந்தக் கடைசி விதியை அவர் சொல்லும்போது கழுத்துப்பட்டியின் நுனியால் கண்ணாடியைத் துடைப்பார். சொல்லி முடித்ததும் "சரி, போ" என்பார். சாப்பிட்டாயா என்று அவரும் கேட்டதில்லை.

அவருடைய பாடம் எத்தனை பெறுமதி என்று எனக்கு விளங்கியது றொசல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில். நன்றாக ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் ஒரு நாள் காலையில் ஏறவே மாட்டேன் என்றுவிட்டது. ஒரு தட்டு போனால் பரவாயில்லை, பெட்டியில் இருந்த அத்தனை பிளாப்பியும் போய்விட்டன. எது மாறியது என்று கேட்டேன். ஒன்றுமே மாறவில்லை என்று கிளாக்கர் சத்தியம் செய்தார்.

"ஆயுத பூசைக்கு வச்சிக் கும்புட்டோம் சார். அத விட்டா வேற ஒண்ணுமே செய்யல."

பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு பிளாப்பியிலும் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். தட்டின் உறையில் கணினி படிப்பதற்கென்று ஒரு சிறு திறப்பு இருக்கும்; சரியாக அதற்குள் வைத்திருந்தார்கள்.

"ஏன் ஐயா, வேற எடமே கெடைக்கலையா?"

"அதுதான் சார் நெத்தி மாதிரி இருந்துச்சு. அங்கதானே பொட்டு வைக்கணும்?"

கொழும்பிலிருந்து என் பையில் கொண்டுவந்திருந்த பிரதிகளைப் போட்டு ஓடவைத்துவிட்டு, விதிப்படி ஒரு பொட்டுத் தட்டைத் திரும்பச் செருகிப் பிழையை வரவழைத்தும் காட்டினேன். திரும்பும் ரயிலில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொழும்பில் இதை யாரிடம் சொல்வது என்று யோசித்தபோதுதான் சிரிப்பு நின்றது. ஆபீசில் இருந்தவர்களுக்குத் தட்டைத் தெரியும், ஆயுத பூசை தெரியாது. நான் தங்கியிருந்த வீட்டுக்காரர்களுக்கு ஆயுத பூசை தெரியும், தட்டைத் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒருவர்கூட எனக்கு அந்த ஊரில் இல்லை. அன்று அந்த ரயிலில் உணர்ந்த தனிமையை நான் பிறகு வேறெங்கும் அவ்வளவு தெளிவாக உணர்ந்ததில்லை.

அடுத்து வந்ததுதான் கடினமான வேலை. நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். அங்கே பழைய கணக்கு மெஷினில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் அட்டை, அதில் ஓர் எண், ஒரு பெயர், வேலை நாட்கள். இவற்றைப் புதிய கணினிக்கு மாற்றினார்கள். பழைய மெஷின் யாருடைய வயதையும் கேட்டதில்லை. புதிய புரோகிராம் கேட்டது. அதனால் தோட்டத்து ஆபீசில் இருந்த பிறந்த ஆண்டுகளையும் சேர்த்துத் தட்டச்சு செய்தார்கள். ஓடவிட்டதும், கீழ் டிவிசனில் ஒரு பெருங்கூட்டத்தைப் புரோகிராம் வயது கடந்தவர்கள் என்று ஒதுக்கி, ஓய்வுக் கணக்கில் தள்ளிவிட்டது. அத்தனையும் பெண்கள்.

எங்கள் ஆபீசிலிருந்து இரண்டு இளைஞர்கள் முதலில் போனார்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார்கள். அதே விடைதான் வந்தது. "புரோகிராமில் பிழை இல்லை, தரப்பட்ட தரவுக்குத் தோட்டமே பொறுப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். சட்டப்படி அது சரி. ஆனால் மெஷின் ஒதுக்கிய பெயர்களைப் பெரட்டில் கூப்பிடக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. பெரட்டு என்பது காலையில் ஆளைக் கூப்பிட்டு மலைக்கு அனுப்பும் இடம். அங்கே பெயர் இல்லையென்றால் வேலை இல்லை. மாத முடிவில் பட்டியல் கொழும்புக்குப் போனால் பெயர் நிரந்தரமாக வெட்டப்படும். பெயரோடு, குடியிருக்கும் லயத்து அறையான காம்பராவும் போய்விடும். அந்த நிலையில்தான் என்னை அனுப்பினார்கள்.

பெரிய கிளாக்கர் சூசை ஐயா என்னை ஆபீஸ் வாசலிலேயே மறித்துக்கொண்டார். கழுத்தைச் சுற்றி மப்ளர், கையில் வெற்றிலை.

"ஒங்க மெஷின் எங்க பொம்பளப் புள்ளைகள எல்லாம் கெழவியாக்கிருச்சு தம்பி. நேத்து பால் குடுத்துக்கிட்டு இருந்தவளுக்கெல்லாம் இன்னைக்கி ரிடையர்மென்ட்."

"கடைசியா எப்ப ஐயா சரியா இருந்துச்சு?"

"ஒங்க மெஷின் வர்றதுக்கு முன்னால."

அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல் பெயரவில்லை. எது கேட்டாலும் வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். இந்த மனிதர் எதையோ அமுக்குகிறார் என்று எனக்கு எரிச்சல் வந்தது. கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பெரட்டுக்குப் போனேன். பனி விலகாத நேரம். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா கணினி அச்சடித்த தாளைப் பார்த்துப் பெயர் கூப்பிட, ஒவ்வொருவராகக் கூடையோடு மலைக்கு ஏறினார்கள். கூப்பிடப்படாத பெண்கள் ஒரு புறமாக நின்றார்கள். அவர்களும் கூடையோடு, இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வராமல் இருந்தால் வேலையை விட்டுவிட்டாள் என்று எழுதிவிடுவார்களாம். அதற்காகத் தினமும் வந்து நின்று, கடைசிப் பெயர்வரை கேட்டுவிட்டு, வெறுங்கூடையோடு லயத்துக்குத் திரும்பினார்கள். நான் அதுவரை பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தது அங்கே குளிரில் நின்றுகொண்டிருந்தது.

முன்னால் நின்ற பெண்ணுக்கு முப்பது வயதுகூட இராது. இடுப்பில் குழந்தை.

"ஒங்க நம்பர் என்னாங்க?"

தயங்காமல் சொன்னார். தாளில் பார்த்தேன். அந்த எண்ணில் பேச்சியம்மா என்று இருந்தது. வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

"பேச்சியம்மா யாரு?"

அவர் குழந்தையின் தொப்பியை இழுத்துவிட்டார். "எங்கம்மாங்க," என்றார் மெதுவாக.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்காமல் இருக்குமா? எங்கள் லயத்திலும் அதுதான் வழக்கம். அம்மாவுக்கு முடியாமல் போனால் கூடையும் கயிறும் எப்படி மகளுக்குப் போகுமோ, அப்படியே எண்ணும் போகும். புதிதாகப் பதிவதென்றால் ஆபீசுக்கு நடக்க வேண்டும், பிறப்புச் சான்றிதழ் தேட வேண்டும். எண்ணைக் கூப்பிட்டால் ஒருத்தி ஏறுகிறாள், கொழுந்து வருகிறது. கங்காணிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? கொழும்பு இளைஞர்கள் எத்தனை தடவை ஏற்றி இறக்கியிருந்தாலும் இது அவர்களுக்குத் தோன்றியிராது. துள்ளிக் குதித்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

"ஐயா, கண்டுபுடிச்சிட்டேன். எல்லாம் அம்மா நம்பர்ல மக வேல செய்யிறது. புள்ளைகளுக்குப் புது நம்பர் குடுத்துப் பதிஞ்சிட்டா முடிஞ்சிச்சு."

சூசை ஐயா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"புதுசா பதிஞ்சா ஒங்க மெஷின் என்னா கேக்கும்?"

யோசித்தேன். பெயர், பிறந்த ஆண்டு, பிறகு எந்த நாட்டுப் பிரஜை என்பது. அந்த இடத்தை வெறுமையாக விட்டால் புரோகிராம் மேலே போகாது.

"கேக்கும்ல? அதுக்கு இதுகள்ட்ட என்னா இருக்கு? தம்பி, அந்தக் கெழவிங்க யாரும் வேலைக்கி முடியாம நிக்கல. கப்பல் ஏறி இந்தியா போயிட்டாங்க. மகனுக்கு அங்கிட்டுப் பிரஜாவுரிம எழுதியிருச்சு, அவனோட அம்மாவும் போயிருச்சு. கட்டிக்குடுத்த மக இங்க நிக்கிறா. அவளுக்கு அங்கிட்டும் காயிதம் இல்ல, இங்கிட்டும் காயிதம் இல்ல. காயிதம் இல்லாதத புதுசா பதியக் கூடாதுன்னு ஆர்டர். அதுனால போனதுகளோட பேர நாங்க வெட்டல. அப்ப இருந்த தொரைக்கும் தெரியும். அவரும் கண்ண மூடிக்கிட்டாரு." கணினியைக் கையால் காட்டினார். "நீங்க சரியா திருத்துனீங்கன்னா, அத்தன பேரும் ரோட்டுல."

 என் அப்பா, அம்மா, தங்கை மூவரும், இரண்டு அரசாங்கங்களும் தோட்டத்துச் சனத்தைப் பங்கு பிரித்து அனுப்பிய அதே கப்பலில் போனவர்கள்தான். திருச்சிப் பக்கம் எங்கோ ஒரு குடியிருப்பில் இருந்தார்கள். வேலை கொழும்பில், காகிதம் இந்த நாட்டில் என்று நான் நின்றுவிட்டேன். பிறகு உள்நாட்டுச் சண்டையில் கப்பலும் நின்றது. என் குடும்பத்தைப் பற்றி யாரும் கேட்காததால் நானும் யாரிடமும் சொன்னதில்லை. சூசை ஐயாவிடம் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து எனக்கும் ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

வழி ஒன்று இருந்தது. எண்ணைத் தொடாமல், பிறந்த ஆண்டை மட்டும் மலைக்கு ஏறுகிறவளுடைய ஆண்டாக மாற்றினால் புரோகிராம் அவளை ஏற்றுக்கொள்ளும். பழைய ஆட்களிடம் அது பிரஜை விவரம் கேட்பதில்லை. ஆனால் தரவை மாற்ற விஜேரத்ன சாரின் அனுமதி வேண்டும். கொழும்புக்குத் தொலைபேசி இணைப்புக் கிடைக்கக் காத்திருந்தேன். சிங்களவர், மேலதிகாரி, காலம் இப்படி இருக்கிறது. எவ்வளவு சொல்வது, எதை விடுவது என்றே தெரியவில்லை.

"பிறந்த ஆண்டுகள் பிழை, சார்," என்றேன் சிங்களத்தில்.

"இத்தனை பேருக்கு ஒன்றாகவா?"

ஆமாம் என்றேன். அவருடைய குரல் இறங்கியது. "நீ அந்த ஆட்களைப் பார்த்தாயா?"

"பார்த்தேன், சார். பெரட்டில் நிற்கிறார்கள். எல்லோரும் இளம் பெண்கள்."

"உன் கண்ணால்?"

"கண்ணால்தான், சார்."

  கிசுகிசுப்பாகவே பேசினார். "அப்படியென்றால் இருக்கிற ஆளின் ஆண்டைப் போடு. பதிவிலிருந்த ஆண்டு இவர்களுடையது அல்ல என்று அறிக்கையில் எழுது. அது உண்மைதானே? அதற்கு மேல் ஒரு வரியும் எழுதாதே." ஒரு மூச்சு விட்டார். "அங்கே குளிராக இருக்குமே. ஸ்வெட்டர் கொண்டுபோனாயா?"

அத்தனை வருடத்தில் அவர் என்னைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. கொண்டுவந்தேன் என்று பொய் சொன்னேன்.

பெண்களை ஒவ்வொருவராக ஆபீசுக்குக் கூப்பிட்டோம். உள்ளே வரமாட்டோம் என்று ஜன்னலுக்கு வெளியே நின்றே பதில் சொன்னார்கள். பாதிப் பேருக்குப் பிறந்த ஆண்டு தெரியவில்லை. "பெரிய மண்ணு சரிஞ்சிச்சே, அந்த வருசங்க" என்பார்கள். சூசை ஐயா விரல் விட்டு எண்ணி ஓர் ஆண்டு சொல்வார், நான் அடிப்பேன். அப்படிச் செய்துகொண்டிருக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. புரோகிராம் ஆளை அடையாளம் காண்பது எண்ணை வைத்துத்தான். எண் மாறாத வரை பெயரை என்ன செய்தாலும் அதற்குக் கவலையில்லை.

"ஐயா, பேரையும் இவங்க பேராவே மாத்திரவா?"

அவர் தாடையைச் சொறிந்தார். "கொழும்புல பேர யாரு பாக்குறா? நம்பரத்தான் பாக்குறாங்க. கேட்டா கல்யாணத்துல மாறுனதும்பேன். போடுங்க."

அந்தப் பகல் என் வேலைக் காலத்தின் மிக நல்ல பகல். ஜன்னலில் வந்து நின்றவர்களிடம், உங்கள் சொந்தப் பெயரே போடட்டுமா என்று கேட்டேன். நம்பாமல் பார்த்தார்கள். ஒருவர் தன் பெயரைத் திரையிலிருந்து வாசிக்கச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டார். இன்னொருவர் அழுதுகொண்டே சிரித்தார். எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

குழந்தையோடு நின்ற அந்தப் பெண் கடைசியாக வந்தார்.

"ஒங்க பேரு?"

"மாரியாயிங்க."

"இனிமே பெரட்டுல அந்தப் பேரையே கூப்புடுவாங்க. போட்டுறவா?"

அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை.

"வேணாங்க. வயசு என்னோடது இருக்கட்டும். பேரு அம்மாவோடதே இருக்கட்டும்."

"ஏங்க? பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது."

"பயமில்லீங்க." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "கப்பல் நின்னதுல இருந்து கடுதாசி வர்றதில்ல. இருக்காளா இல்லையான்னே தெரியல. காலைல கண்டாக்கய்யா பேச்சியம்மான்னு கூப்புடுறப்ப, இங்கதான் எனக்குப் பின்னால நிக்கிறா மாதிரி இருக்கும். நீங்க அந்தப் பேர அழிச்சிட்டா, அவ இல்லன்னு நானே சொன்னதா ஆயிருமுங்க."

சூசை ஐயா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பெயரைத் தொடவில்லை.

அன்று மாலையே புரோகிராமை ஓடவிட்டேன். ஒருவர்கூட ஒதுக்கப்படவில்லை. மறுநாள் காலையில் பஸ்ஸுக்கு இறங்கும் வழியில் பெரட்டுக்களத்தில் நின்றேன். பஸ் போனால் அடுத்தது மத்தியானம்தான். போகட்டும் என்று நின்றேன். சொந்தப் பெயரை முதல் தடவையாகக் கூப்பிடக் கேட்ட பெண்கள் சில பேர் வெட்கப்பட்டார்கள், மற்றவர்கள் கேலி செய்தார்கள். கண்டாக்கு ஐயா அதட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

"பேச்சியம்மா!"

என் அம்மாவின் பெயரை யாராவது ஒருவர் அப்படிச் சத்தமாகக் கூப்பிடக் கேட்டால் போதும் என்றிருந்தது எனக்கு.

"இருக்கேங்கய்யா," என்றார் மாரியாயி.

"ஆறாம் நம்பர் மலை."

அவர் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறினார். பேச்சியம்மா கடலுக்கு அந்தப் பக்கம் உயிரோடு இருந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று அவருக்கு ஆறாம் நம்பர் மலையில் வேலை இருந்தது.